மாடிப்படி ஏறினால் பர்ஸ் காலி! பாங்காக் டூர் போகிறவர்களுக்கு ராத்திரியில் விரிக்கும் வலை

பாங்காக் டூர் போகிறவர்கள் பயப்படுவது ஒன்றுக்கு. பணத்தை பறிகொடுப்பது இன்னொன்றில்.

இருட்டுச் சந்தில் கத்தியோடு ஒருத்தன் பாய்வான் என்று பயப்படுகிறார்கள். ஆனால் வருகிறவன் கத்தியோடு வருவதில்லை. சிரித்த முகத்தோடு வருகிறான். கையில் ஒரு அட்டை வைத்திருக்கிறான். "வாங்க சார், மாடியிலே ஷோ. டிக்கெட் கிடையாது. பீர் நூறு பாட்தான்" என்கிறான்.

மாடிக்கு போனவர் இறங்கி வரும்போது பர்சில் ஒன்றும் இருப்பதில்லை.

இது புது வித்தை அல்ல. பல வருஷமாக நடக்கிற பழைய வித்தை. டூர் புத்தகங்களில்கூட எச்சரிக்கை போட்டு ஓய்ந்துவிட்டார்கள். இருந்தும் ஆட்கள் சிக்குகிறார்கள். படித்தவர், படிக்காதவர், பத்து பேரை வைத்து வேலை வாங்கும் முதலாளி என்ற வித்தியாசம் கிடையாது.

ஏன் சிக்குகிறார்கள்? எந்த இடத்தில் சிக்குகிறார்கள்? தப்பிக்க வழி என்ன?

கம்பெனி செலவில் டூர்

சென்னையில் இருந்து பாங்காக்குக்கு விமானத்தில் சுமார் மூன்றரை மணி நேரம். மதுரைக்கு ரயிலில் போகிற நேரத்தைவிட குறைவு.

சரக்கு அதிகமாக விற்ற கடைக்காரர்களை சிமெண்டு, பெயிண்டு, கம்பி, டைல்ஸ் கம்பெனிகள் கூட்டமாக அழைத்துக்கொண்டு போவது வியாபாரிகளுக்கு தெரிந்த விஷயம். "டீலர் டூர்" என்று பெயர். ஓட்டல், சாப்பாடு, பஸ் எல்லாம் கம்பெனி செலவு. சீட்டு பிடித்து சொந்தச் செலவில் போகும் ஆபீஸ் நண்பர்களும் உண்டு. புதுமணத் தம்பதிகளும், குடும்பத்தோடு போகிறவர்களும் உண்டு.

2023 நவம்பரில் தாய்லாந்து அரசு இந்தியர்களை விசா இல்லாமல் அனுமதிக்க ஆரம்பித்தது. அடுத்த வருஷம், அதாவது 2024-ல், அங்கு போன இந்தியர்கள் 20 லட்சத்துக்கும் மேல்.

பகலில் பிரச்சினை இல்லை. கைடு கூடவே இருக்கிறார். புத்தர் கோயில், படகு சவாரி, துணிக்கடை என்று பொழுது போய்விடுகிறது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கைடு "குட் நைட்" சொல்லிவிட்டு போய்விடுவார். அதற்கு பிறகு நாலு பேர் சேர்ந்து "சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வரலாமே" என்று கிளம்புகிறார்கள்.

அங்கேதான் கதை ஆரம்பம்.

மாரியம்மன் கோயில் ரோடு

பாங்காக்கில் சீலோம் ரோடு என்று ஒரு பெரிய ரோடு. நம் அண்ணா சாலை மாதிரி. பாங்கிகள், ஆபீஸ்கள், நகைக்கடைகள் உள்ள ரோடு. அந்த ரோட்டில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கு குடியேறிய தமிழர்கள் கட்டியது. தாய்லாந்துக்காரர்களும் பூமாலை வாங்கிக்கொண்டு வந்து கும்பிடுகிறார்கள். தமிழ்நாட்டில் இருந்து போகிறவர்கள் பலர் தரிசனம் செய்துவிட்டு வருகிறார்கள்.

அதே ரோட்டில் சுமார் ஒரு கிலோமீட்டர் நடந்தால் பட்பாங்.

பட்பாங் என்பது சீலோம் ரோட்டையும் சுரவாங் ரோட்டையும் இணைக்கும் இரண்டு சின்ன தெருக்கள். தெருவுக்கு சொந்தக்காரக் குடும்பத்தின் பெயரே தெருவுக்கும் நிலைத்துவிட்டது. வியட்நாம் யுத்த காலத்தில் லீவில் வந்த அமெரிக்க சிப்பாய்களுக்காக மது பார்களும் நடன விடுதிகளும் முளைத்தன. சிப்பாய்கள் போய்விட்டார்கள். விடுதிகள் போகவில்லை. டூரிஸ்டுகளை நம்பி நடக்கின்றன.

தெருவில் கலர் விளக்கு. பனியன், கைக்கடிகாரம் விற்கும் கடைகள். தரைத்தளத்தில் கதவு திறந்த பார்கள். குடும்பத்தோடு வேடிக்கை பார்த்துக்கொண்டு நடக்கிறவர்களும் உண்டு. கத்தியைக் காட்டி வழிப்பறி செய்வது இந்தத் தெருவில் அபூர்வம். காரணம் சாதாரணமானது. ஜனநடமாட்டம் இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது. தெருவில் அடிதடி நடந்தால் கடைக்காரர்களுக்கே வியாபாரம் போய்விடும்.

அதனால் தெருவில் யாரும் கைவைப்பதில்லை. மாடிக்கு கூட்டிக்கொண்டு போகிறார்கள்.

நாலு கேள்வி

அட்டை வைத்திருக்கும் ஆசாமி சும்மா பேச்சு கொடுப்பதில்லை. அவன் கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

"எந்த ஊர் சார்?" இது முதல் கேள்வி. இந்தியா என்றதும் "நமஸ்தே" என்பான். சினிமா நடிகர் பெயரைச் சொல்வான். வேற்றூரில் நம் நடிகர் பெயரைக் கேட்டதும் மனசு இளகிவிடும்.

"முதல் தடவையா வர்றீங்க?" இது இரண்டாவது. ஆமாம் என்றால் விலைவாசி தெரியாத ஆள் என்று அர்த்தம்.

"எந்த ஓட்டல்?" இது மூன்றாவது. ஓட்டல் பெயர் தெரிந்தால் பையில் எவ்வளவு இருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுவிடலாம்.

"ஊருக்கு எப்போ?" இதுதான் நாலாவது. முக்கியமான கேள்வியும் இதுதான். "நாளைக்கு காலை விமானம்" என்று பதில் வந்தால் போலீசுக்கு போக அவகாசம் இல்லாத ஆள். டூரில் கடைசி ராத்திரிதான் பலருக்கு துணிச்சல் வருகிறது. வலை போடுகிறவனுக்கும் அந்த ராத்திரிதான் வசதி.

பதில் சொல்லாமல் நடந்துகொண்டே இருந்தால் அவன் பின்னாலேயே கொஞ்ச தூரம் வருவான். பிறகு விட்டுவிடுவான். நின்று பதில் சொன்னால்தான் வம்பு. முறைக்கவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். நடந்தால் போதும்.

மாடியில் என்ன நடக்கிறது?

குறுகலான படி. மேலே ஒரு கதவு. உள்ளே அரை இருட்டு. உட்கார்ந்ததும் கேட்ட பீர் வருகிறது. கேட்காத இரண்டு கிளாஸ் பக்கத்தில் உட்காரும் பெண்களுக்கு வருகிறது. வேண்டாம் என்று சொல்வதற்குள் மூடி திறந்தாகிவிட்டது.

கால் மணி நேரம் கழித்து எழுந்தால் பில் வருகிறது. நூறு பாட் என்று நினைத்தவர் கையில் ஆயிரக்கணக்கான பாட் பில். ஒரு பாட் என்பது நம் பணத்தில் இரண்டு ரூபாய்க்கும் மேல்.

"அட்டையிலே நூறு பாட்னு போட்டிருந்ததே?" என்று கேட்டால், "அது பீருக்கு. இது ஷோவுக்கு. இது பொண்ணுங்க குடிச்சதுக்கு. இது மேஜைக்கு" என்று பதில் வரும். கீழே அட்டை காட்டிய ஆசாமியைத் தேடினால் இருக்கமாட்டான். "அவன் யாரோ, எங்க ஆள் இல்லை" என்பார்கள். இதற்குள் கதவுப் பக்கம் இரண்டு தடியர்கள் வந்து நின்றிருப்பார்கள். அடிக்கமாட்டார்கள். வழியை மறித்து நிற்பார்கள். அதுவே போதும்.

ரொக்கம் இல்லை என்றால் கார்டை கேட்பார்கள். கார்டு இல்லை என்றால் "வா, ஏ.டி.எம். பக்கத்திலேதான் இருக்கு" என்று கூடவே வருவதும் உண்டு.

எல்லா பாரும் இப்படி அல்ல. தரைத்தளத்தில் ஒழுங்காக நடக்கும் பார்களில் ஒவ்வொரு கிளாசுக்கும் ஒரு சீட்டு எழுதி, மேஜை மேல் இருக்கிற குவளையில் போடுவார்கள். எடுத்துப் பார்த்தால் எவ்வளவு ஆயிற்று என்று தெரியும். தெருவில் இருந்து பார்த்தால் உள்ளே தெரியும். பிடிக்கவில்லை என்றால் எழுந்து நடந்துவிடலாம். ஏமாற்றுகிறவனுக்கு இதெல்லாம் ஆகாது. அவனுக்கு வேண்டியது தெருவில் இருந்து தெரியாத இடம். வெளியே போக ஒரே வழி உள்ள இடம். அதனால்தான் மாடி.

வெட்கம்தான் அவன் மூலதனம்

மாட்டிக்கொண்டவர் என்ன செய்கிறார்? பெரும்பாலும் பணத்தைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு ஓட்டலுக்கு போகிறார்.

போலீசில் சொன்னால் "அங்கே எதுக்கு போனே?" என்று கேட்பார்களோ என்று வெட்கம். வீட்டுக்கு தெரிந்தால்? கூட வந்த டீலர்களுக்கு தெரிந்தால்? கடைத்தெருவில் பேச்சு ஆகிவிடுமே? ஊருக்கு வந்ததும் "செலவு கொஞ்சம் கூட ஆயிடுச்சு" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்.

அவர் சொல்லவில்லை. அதனால் அடுத்த டூரில் போகும் பக்கத்து கடைக்காரருக்கு தெரிவதில்லை. அவரும் அதே படியில் ஏறுகிறார்.

இந்த வியாபாரம் ஓடுவது தடியர்களால் அல்ல, மாட்டிக்கொண்டவரின் வெட்கத்தால்தான். பூக்கடையில் பர்சை அடித்தால் நூறு பேரைக் கூட்டி சத்தம் போடுகிறவர், பட்பாங் மாடியில் அதைவிட பத்து மடங்கு போனாலும் மூச்சு விடுவதில்லை. இது வலை போடுகிறவனுக்கு நன்றாகத் தெரியும்.

"நாலு பேரா போனா பயமில்லை" என்று நினைப்பதும் தப்பு. நாலு பேர் போனால் பில்லும் நாலு மடங்கு. அதோடு, கூட்டத்தில் யாருக்கும் "வேண்டாம்" என்று முதலில் சொல்ல மனசு வருவதில்லை. "என்னப்பா, பயந்துட்டியா?" என்ற ஒரு கேலிக்கு பயந்து நாலு பேருமே படி ஏறுகிறார்கள். ஒவ்வொருத்தரையும் தனியாகக் கேட்டால் நாலு பேருக்குமே இஷ்டம் இருந்திருக்காது.

ஓசி கிளாஸ் உயிருக்கு உலை

பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். கிளாசில் வரும் ஆபத்து வேறு மாதிரி.

2024 நவம்பரில் பக்கத்து நாடான லாவோசில், வாங் வியங் என்ற சுற்றுலா ஊரில் வெளிநாட்டு டூரிஸ்டுகள் 6 பேர் செத்தார்கள். டென்மார்க், ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, அமெரிக்கா நாட்டவர்கள். பெரும்பாலும் சின்ன வயசு. அவர்கள் குடித்த மதுவில் மெத்தனால் கலந்திருந்தது. இலவசமாக மது ஊற்றிக் கொடுத்த விடுதியில் தங்கியிருந்தவர்களும் இதில் உண்டு.

அதே வருஷம் ஆகஸ்டில் பாங்காக்கிலேயே மூலிகைச் சாராயம் குடித்த பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் பிழைக்கவில்லை. அதிலும் மெத்தனால்தான்.

மெத்தனால் என்றால் என்ன என்று தமிழ்நாட்டுக்காரர்களுக்கு சொல்லித்தர வேண்டியதில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களை பலிகொண்டது இதே விஷம்தான். குடிக்கும்போது வாசனையிலோ ருசியிலோ கண்டுபிடிக்க முடியாது. உடம்புக்குள் போய் பார்மிக் அமிலமாக மாறுகிறது. கண் நரம்பை தாக்குகிறது. உடனே தெரியாது. பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள்தான் தெரியும். தலைவலி, வாந்தி, வயிற்றுவலி என்று ஆரம்பிக்கும். "ராத்திரி கொஞ்சம் ஓவரா போச்சு" என்று படுத்துக்கொண்டால் உயிருக்கு ஆபத்து. கண் மங்கினால், பனிமூட்டம் மாதிரி தெரிந்தால், ஒரு நிமிஷம்கூட தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். மாற்று மருந்து உண்டு. ரத்த சுத்திகரிப்பு சிகிச்சை உண்டு. நேரத்துக்கு போனால் பிழைக்கலாம்.

வழி ஒன்றுதான். குடிக்கிறவர்கள் மூடி உடைக்காத பாட்டிலைக் கேட்டு, கண்ணெதிரே திறக்கச் சொல்ல வேண்டும். வாளியில் கலந்து தருவது, லேபிள் இல்லாத பாட்டில், தெரியாத ஆள் ஊற்றித்தரும் ஓசி கிளாஸ் மூன்றும் வேண்டாம். பாத்ரூம் போய்விட்டு வந்தால் மேஜையில் விட்டுப்போன கிளாசைத் தொடக்கூடாது. மயக்க மருந்து கலப்பவனுக்கு அந்த இரண்டு நிமிஷம் போதும்.

ஒரே படி: 44 பேர் பலி

மாடிப்படிக்கு இன்னொரு பயங்கர முகம் இருக்கிறது. தீ!

ஜப்பான் தலைநகர் டோக்கியோவில் கபுகிச்சோ என்ற கேளிக்கைப் பேட்டை. 2001 செப்டம்பர் 1-ந்தேதி நள்ளிரவுக்கு பிறகு, மியோஜோ 56 என்ற சின்ன கட்டிடத்தில் தீப்பிடித்தது. மூன்றாவது மாடியில் சூதாட்ட விடுதி. நாலாவது மாடியில் மது விடுதி. இறங்குவதற்கு ஒரே ஒரு குறுகலான படி. அந்தப் படியிலும் சாமான்களை அடுக்கி வைத்திருந்தார்கள். 44 பேர் செத்தார்கள். பெரும்பாலானவர்கள் தீயில் கருகி அல்ல, புகையில் மூச்சு முட்டி.

பாங்காக்கில் 2009 புத்தாண்டு பிறந்த சற்று நேரத்தில் சாந்திகா என்ற நடன விடுதி எரிந்தது. 60-க்கும் மேற்பட்டவர்கள் பலி. 200 பேருக்கு மேல் காயம். உள்ளே இருந்த ஜனங்களுக்கு தெரிந்தது முன்வாசல் ஒன்றுதான். எல்லாரும் அங்கேயே முண்டியடித்தார்கள்.

பட்டாயாவுக்கு தெற்கே, சத்தஹிப் பகுதியில் 2022 ஆகஸ்டு 5-ந்தேதி ஒரு மது விடுதி எரிந்ததில் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சத்தத்தை அடக்க ஒட்டியிருந்த பஞ்சு போன்ற பொருள் தீயை வேகமாகப் பரப்பியது.

வெளிநாட்டில்தான் இப்படி என்று நினைக்கவேண்டாம். மும்பை கமலா மில்ஸ் வளாகத்தில் 2017 டிசம்பர் 29-ந்தேதி நள்ளிரவுக்கு பிறகு மொட்டை மாடி விடுதியில் பிடித்த தீயில் 14 பேர் பலி. வெளியே போக வழி தெரியாமல் கழிவறைக்குள் ஒதுங்கியவர்கள் பலர் அங்கேயே மூச்சு முட்டி இறந்தார்கள்.

ஆகவே எந்த ஊராக இருந்தாலும் சரி, உள்ளே போனதும் பார்க்கவேண்டியது மேடையை அல்ல. இரண்டாவது வாசல் எங்கே என்று பார்க்கவேண்டும். இல்லை என்றால் அப்போதே திரும்பிவிட வேண்டும். பணம் பறிப்பவனுக்கு எந்த ஒற்றைப் படி வசதியோ, தீப்பிடித்தால் எமனுக்கும் அதே படிதான் வசதி.

டோக்கியோவில் ஒலிபெருக்கி

கபுகிச்சோவிலும் இதே மாதிரி அநியாய பில் போடும் விடுதிகள் உண்டு. அதற்கு ஜப்பானியர்கள் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். 2000-ம் வருஷம் டோக்கியோ நகர நிர்வாகம் இதற்காகவே ஒரு சட்டம் போட்டது. விலையைச் சொல்லாமல் பில் போடுவதும், மிரட்டி வசூலிப்பதும் குற்றம் என்றது. 2013-ல் அந்தப் பகுதி நிர்வாகம் தெருவில் ஆள் பிடிப்பதையே தடை செய்தது. "கூப்பிடுகிறவர் பின்னால் போகாதீர்கள்" என்று தெருவில் ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார்கள்.

இத்தனை செய்தும் ஆள் பிடிக்கிறவர்கள் ஒழிந்துவிடவில்லை. ஆனால் ஜப்பானியர்கள் எதைப் பிடித்திருக்கிறார்கள் என்பதை கவனிக்கவேண்டும். மாடியில் நடப்பதைப் பற்றி மட்டும் அல்ல, தெருவில் கூப்பிடுவதைப் பற்றித்தான் ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள். ஏறிய பிறகு போலீஸ் வருவது கஷ்டம். ஏறுவதற்கு முன்பு ஒரு வார்த்தை போதும்.

பாங்காக் சங்கதி வேறு. அங்கு விபசாரம் 1996-ம் வருஷ சட்டப்படி குற்றம். ஆனாலும் விளக்கு எரிகிறது. சட்டத்துக்கும் தெருவுக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியில்தான் இந்த ஆசாமிகள் பிழைக்கிறார்கள். போகலாமா, கூடாதா என்பது அவரவர் பாடு. போகிறவர் தன் காலில் போய், தன் காலில் திரும்பவேண்டும். அதுதான் விஷயம்.

மாட்டிக்கொண்டால்?

முதலில், கையை ஓங்கக்கூடாது. செல்போனில் படம் எடுக்கவும் கூடாது. உள்ளே படம் எடுத்தால்தான் அடி விழும்.

உட்கார்ந்த இடத்திலேயே "எதுக்கு எவ்வளவு, எழுதிக் கொடு" என்று நிதானமாகக் கேட்க வேண்டும். குடித்ததற்கு உண்டான பணத்தை மேஜையில் வைக்கலாம். பிறகு அவர்கள் கண்ணெதிரிலேயே 1155 என்ற நம்பருக்கு போன் போட வேண்டும். அது தாய்லாந்து சுற்றுலா போலீசின் நம்பர். 24 மணி நேரமும் உண்டு. இங்கிலீஷில் பேசலாம். இந்த நம்பரைச் சுற்றுவதைப் பார்த்ததுமே பில் இறங்குவது உண்டு.

மிரட்டல் முற்றினால் பணத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வருவதே புத்திசாலித்தனம். பணத்துக்காக படியில் உருளவேண்டாம். ஆனால் வெளியே வந்ததும் ஓட்டலுக்கு போகக்கூடாது. பில் சீட்டு, விடுதியின் பெயர்ப்பலகை, மணி மூன்றையும் மறக்காமல் குறித்துக்கொண்டு அன்று ராத்திரியே சுற்றுலா போலீசிடம் போகவேண்டும். போலீசார் கூடவே வந்து பணத்தைத் திருப்பி வாங்கிக் கொடுத்த சம்பவங்கள் உண்டு. மறுநாள் போனால் யாரும் யாரையும் பார்த்ததில்லை என்பார்கள்.

கார்டு கொடுத்திருந்தால் உடனே பாங்கிக்கு சொல்லி முடக்க வேண்டும்.

நள்ளிரவில் திரும்பும் வழி

பாங்காக்கின் மேம்பால ரயில் நள்ளிரவோடு நின்றுவிடும். அதற்குள் கிளம்பினால் பட்பாங் பக்கத்திலேயே சலா டேங் ஸ்டேஷன். அதில் ஏறி நிம்மதியாகப் போகலாம்.

ரயில் போய்விட்டால் டாக்சி. பார் வாசலில் நிறுத்திவைத்திருக்கும் டாக்சிக்காரர் மீட்டர் போடமாட்டார். மொத்தமாக ஒரு தொகை கேட்பார். நம்மூர் சென்ட்ரல் வாசல் அனுபவம்தான். பெரிய ரோட்டுக்கு நடந்து வந்து, ஓடிக்கொண்டிருக்கும் டாக்சியைக் கைகாட்டி நிறுத்த வேண்டும். "மீட்டர்?" என்று கேட்டு தலையாட்டினால் ஏறலாம். சின்ன காரில் மீட்டர் 35 பாட்டில் ஆரம்பிக்கும். செல்போன் ஆப்பில் கார் கூப்பிட்டால் கட்டணம் முன்பே தெரியும், வண்டி நம்பரும் பதிவாகும்.

"ஆட்டோ" மாதிரி ஓடும் டுக்-டுக் வண்டியில் மீட்டர் கிடையாது. "இருபது பாட் போதும் சார்" என்று ஒருத்தர் கூப்பிட்டால் அந்தக் காசு வேறு எங்கேயோ கிடைக்கிறது என்று அர்த்தம். கமிஷன் தரும் கடை வாசலிலோ, ஷோ நடக்கும் மாடி வாசலிலோ வண்டி நிற்கும்.

ரோட்டோரம் செல்போனை காதில் வைத்துக்கொண்டு நடக்கக்கூடாது. மோட்டார்சைக்கிளில் வந்து பறிக்கிறவர்கள் எந்தப் பெரிய ஊரிலும் உண்டு. கழுத்துச் சங்கிலியும் அப்படித்தான். நம்மூர் ஆண்கள் கெட்டிச் சங்கிலி போட்டிருப்பார்கள் என்பது அங்கே திருடர்களுக்கும் தெரியும். சங்கிலி வீட்டுப் பீரோவில் இருக்கட்டும்.

பெண்கள் கவனத்துக்கு

தோழிகளோடு போகும் பெண்களும் இப்போது அதிகம். அவர்களுக்கு மேலே சொன்னது எல்லாம் பொருந்தும். இன்னும் இரண்டு உண்டு.

ஓட்டல் கவுண்டரில் ரூம் நம்பரை உரக்கச் சொன்னால் "எழுதிக் காட்டுங்க" என்று சொல்லி வேறு ரூம் கேட்கலாம். தயங்க வேண்டியதில்லை. இரண்டாவது, சேர்ந்து போனவர்கள் சேர்ந்தே திரும்ப வேண்டும். "நீங்க போங்க, நான் வந்துடறேன்" என்ற பேச்சே கூடாது. கூட வந்தவளுக்கு ஒரே கிளாசில் தலை சுற்றி நாக்கு குழறினால் அது போதை என்று விட்டுவிடக்கூடாது. கிளாசில் ஏதோ கலந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு போகவேண்டும். ஆம்புலன்சுக்கு 1669.

புறப்படும் முன்பு

சென்னையில் இருக்கும்போதே செய்யவேண்டியவை சில.

பாங்கி கார்டில் வெளிநாட்டுச் செலவுக்கு ஒரு உச்சவரம்பு வைக்கலாம். கார்டுக்காரர் தானே திறக்கவும் மூடவும் வசதி செய்து தரவேண்டும் என்று 2020-ல் ரிசர்வ் பாங்கி உத்தரவிட்டது. ராத்திரி வெளியே கிளம்பும்போது வரம்பைக் குறைத்துவிட்டால், மிரட்டி இழுத்தாலும் பெரிய தொகை போகாது.

பாஸ்போர்ட் ஓட்டல் பெட்டகத்தில் இருக்கட்டும். நகல் சட்டைப்பையில் இருக்கட்டும். வாடகை பைக்குக்கோ, பில் பாக்கிக்கோ பாஸ்போர்ட்டை அடகு மாதிரி கொடுக்கக்கூடாது. தொலைந்தால் போலீஸ் புகார் எழுதிக்கொண்டு இந்தியத் தூதரகத்துக்கு போகவேண்டும். தூதரகம் சுகும்விட் ரோடு 23-ம் சந்தில் இருக்கிறது.

மின் சிகரெட் எடுத்துப்போக வேண்டாம். தாய்லாந்தில் தடை. போலீசில் மாட்டினால் அது தனி வம்பு.

அன்றைய செலவுக்கு மட்டும் பணத்தை சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பவேண்டும். நாலு பேர் போனால் ஒருத்தர் குடிக்காமல் இருக்கவேண்டும். அவர் "போதும், கிளம்பு" என்றால் மற்ற மூன்று பேரும் எழுந்திருக்க வேண்டும். இதை ஓட்டலில் இருந்து கிளம்பும்போதே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். பாரில் உட்கார்ந்த பிறகு பேசினால் ஏறாது.

கடைசியாக ஒன்று. போன டூரில் மாட்டிக்கொண்டு வந்தவர்கள் கடைத்தெருவில் இருக்கிறார்கள். பணம் போனது போனதுதான். ஆனால் அடுத்து போகிறவரிடம் "அண்ணே, அட்டையைக் காட்டி மாடிக்கு கூப்பிடுவான், போயிடாதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லலாம். எப்படித் தெரியும் என்று அவர் கேட்டால் சிரித்துவிட்டுப் போகலாம். சொன்னதே போதும். பக்கத்துக் கடைக்காரர் படியில் கால் வைக்கமாட்டார்.